எடிட்டிங் சாப்ட்வேர் திணறுகிறதா? புதிய கார்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் செய்ய நினைக்கும் வேலைகளில் ஒன்று, வீட்டு விசேஷத்தில் எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டி ஒரே படமாக்குவது. இணையத்தில் இலவசமாகவே நல்ல எடிட்டிங் சாப்ட்வேர்கள் கிடைக்கின்றன. டவுன்லோட் செய்து, இன்ஸ்டால் செய்து, வீடியோவை உள்ளே இழுத்துப் போட்டவுடன்தான் சோதனை தொடங்கும். பிளே பட்டனை அழுத்தினால் படம் நின்று நின்று ஓடும். மவுஸை நகர்த்தினால் அரை நிமிடம் கழித்துத்தான் அம்புக்குறி அசையும். "கம்ப்யூட்டரே சரியில்லை, ஏமாந்துவிட்டோம்" என்று நினைக்கத் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் நான் பட்ட பாட்டையும், கடைசியில் ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த தீர்வையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு அந்த மூன்று இரவுகளின் தூக்கமாவது மிச்சமாகட்டும்.

நடந்தது என்ன?

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் நடத்தினோம். கும்பகோணத்தில் இருக்கும் பாட்டியால் வர முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். "என் பிள்ளை கல்யாணத்தை எனக்குப் படமா காட்டிடு" என்று என்னிடம்தான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அக்கா, சித்தப்பா மகன், நான் என்று மூன்று பேர் மூன்று மொபைல் போன்களில் எடுத்திருந்தோம். மொத்தம் ஐம்பது துண்டுகளுக்கு மேல். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கும் அதிகம். என் கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம். கடிதம் டைப் செய்ய, படம் பார்க்க, இன்டர்நெட் பார்க்க நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஷாட்கட் என்ற இலவச எடிட்டிங் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தேன்.

இரண்டாம் நாள் இரவு அந்த விபத்து நடந்தது. ஷாட்கட்டில் எக்ஸ் கீயைத் தட்டினால் டைம்லைனில் உள்ள ஒரு துண்டு நீக்கப்பட்டு, பின்னால் உள்ளவை முன்னால் நகர்ந்து இடைவெளியை நிரப்பும். வேண்டாத ஒரு துண்டை நீக்க எக்ஸ் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மீண்டும் தட்டினேன். அப்போதும் இல்லை. கோபத்தில் மூன்றாவது முறையும் தட்டினேன். திரை வெளுத்து, தலைப்புப் பட்டையில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வந்தது. சிறிது நேரத்தில் உயிர் வந்தது. நல்லவேளை என்று உடனே சேவ் செய்து, கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு துண்டு அல்ல, மூன்று துண்டுகள் போயிருந்தன. அதில் ஒன்று பெரியப்பா பேசியது. அப்பா சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்ட கதையைச் சொல்லி, முடிக்கும்போது குரல் தழுதழுத்துப் போவார். நாற்பது விநாடிதான். அது அக்காவின் போனில் மட்டும் பதிவானது. அக்காவோ இடம் போதவில்லை என்று போனில் உள்ளதை எல்லாம் ஏற்கனவே அழித்திருந்தாள். அன்டூ கொடுத்துப் பார்த்தேன். சாப்ட்வேரை மூடித் திறந்துவிட்டதால் பழைய செயல்கள் எதுவும் நினைவில் இல்லை. வயிற்றைப் பிசைந்தது.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவன் சிரித்தான். "மாமா, எடிட்டிங் சாப்ட்வேர் உங்க ஒரிஜினல் வீடியோவைத் தொடவே தொடாது. எங்கிருந்து எதுவரை காட்டணும்னு ஒரு குறிப்புதான் எழுதி வைக்குது. நீங்க அழிச்சது அந்தக் குறிப்பைத்தான்" என்றான். போல்டரைத் திறந்தால் பெரியப்பா அப்படியே இருந்தார். போன உயிர் திரும்பியது.

புதியவர்கள் முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான். டைம்லைனில் நீங்கள் எதை வெட்டினாலும் நீக்கினாலும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள மூல பைல் அப்படியேதான் இருக்கும். போல்டருக்குள் போய் நீங்களே அழித்தால்தான் போகும். ஆகவே பயப்படாமல் எடிட் செய்யுங்கள்.

"நாட் ரெஸ்பாண்டிங்" என்றால் இறந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. எந்த ஒரு புரோகிராமிலும் மெனுவை வரைவது, மவுஸ் கிளிக்கைக் கவனிப்பது, கீபோர்டு தட்டலைப் பெறுவது ஆகிய வேலைகளை ஒரு முக்கியப் பணியாளர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இதை மெயின் த்ரெட் என்பார்கள். நாம் தட்டும் ஒவ்வொரு கீயும் ஒரு வரிசையில் போய் நிற்கும். அவர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றுவார். அவரே வேறு கனமான வேலையில் மாட்டிக்கொண்டால் வரிசை நகராது. சுமார் 5 விநாடிகள் வரிசைப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், விண்டோஸ் அந்த விண்டோவை வெளுக்கச் செய்து "நாட் ரெஸ்பாண்டிங்" என்று எழுதிவிடுகிறது. அவ்வளவுதான்.

வரிசையில் நின்ற தட்டல்கள் அழிந்துபோவதில்லை. பணியாளர் திரும்பி வந்தவுடன் எல்லாவற்றையும் நிறைவேற்றிவிடுவார். திரை வெளுக்கும் முன் நான் தட்டிய மூன்று எக்ஸ் கீக்களும் அப்படித்தான் மூன்று துண்டுகளைத் தின்றன. "மாமா, அது நின்னு போகல, வேலை பார்க்குது. அந்த நேரத்துல கையை கீபோர்டிலிருந்து எடுத்துடுங்க" என்றான் மருமகன். இன்றும் நான் கடைப்பிடிக்கும் முதல் விதி இது.

ஒரு சாப்ட்வேர் எவ்வளவு வேகமாகப் பதில் தர வேண்டும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 1993ல் எழுதிய நூலில் மூன்று எல்லைகளைக் குறிப்பிட்டார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் நாம் தொட்டவுடன் நடந்ததாக உணர்வோம். 1 விநாடி வரை தாமதம் தெரியும், ஆனால் சிந்தனை அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். இதன் அடிப்படை 1968லேயே ராபர்ட் மில்லர் என்பவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. மனிதனின் பொறுமை அன்றும் இன்றும் ஒன்றுதான் போலும்!

எடிட்டிங்கில் இது இன்னும் முக்கியம். சிரிப்பு முடியும் சரியான இடத்தில் வெட்ட வேண்டும் என்றால், பார்த்த நொடியில் நிறுத்த முடிய வேண்டும். நிறுத்தச் சொல்லி 2 விநாடி கழித்துப் படம் நின்றால் எங்கே வெட்டுவது? திணறும் சாப்ட்வேரில் நேரம் மட்டும் வீணாவதில்லை, படமும் கெட்டுப்போகும்.

பிளே பட்டனுக்குப் பின்னால் நடக்கும் வேலை

சரி, படம் பார்க்கும் பிளேயரில் அதே வீடியோ ஓரளவு ஓடுகிறதே, எடிட்டரில் மட்டும் ஏன் திணறுகிறது?

4கே வீடியோவில் ஒரு பிரேம் என்பது அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 83 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமையும் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் 30ல் ஒரு பங்கு, அதாவது 33 மில்லி விநாடி. ஒரு புள்ளிக்கு 3 பைட் என்று அப்படியே சேமித்தால் ஒரு நிமிட வீடியோவுக்கே சுமார் 45 ஜிபி இடம் வேண்டும். ஆனால் நம் போனில் ஒரு நிமிட 4கே வீடியோ சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. இந்த மாயத்தைச் செய்வது எச்.264, எச்.இ.வி.சி. ஆகிய சுருக்கும் முறைகள். முதலாவது 2003லும், இரண்டாவது 2013லும் தரப்படுத்தப்பட்டன.

எப்படிச் சுருக்குகிறது? மளிகைக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதி மட்டும் பழைய பாக்கி முழுவதையும் எழுதுவார். பிறகு ஒவ்வொரு நாளும் வாங்கியதை மட்டும் எழுதுவார். இருபதாம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால், முதல் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால்தான் சொல்ல முடியும்.

வீடியோவும் அப்படித்தான். அவ்வப்போது ஒரு பிரேம் மட்டும் முழுப் படமாக இருக்கும். இதைக் கீ பிரேம் என்பார்கள். இடையில் உள்ளவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். முதலிலிருந்து கடைசி வரை நேராக ஓட்டும் பிளேயருக்கு இது சுலபம். கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் எடிட்டரில் நாம் என்ன செய்கிறோம்? டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கிறோம். திடீரென்று நடுவில் கிளிக் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் பிராசசர் முந்தைய கீ பிரேமுக்கு ஓடிப்போய் அங்கிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் கேட்கவே வேண்டாம். இரண்டு காட்சிகளை ஒன்றில் ஒன்று கரைய விட்டால், இரண்டு நோட்டுகளையும் ஒரே நேரத்தில் கூட்ட வேண்டும். மேலே தலைப்பு, நிறத் திருத்தம் என்று சேர்த்தால் அதற்கும் அதே 33 மில்லி விநாடிக்குள்தான் நேரம்.

எச்.இ.வி.சி. இன்னும் இறுக்கமாகச் சுருக்குவதால் பிரிப்பதற்கும் உழைப்பு அதிகம். இதைப் பிரிக்கும் தனிப் பகுதி இன்டெல் பிராசசர்களில் 2015ல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. என்னுடையது நான்காம் தலைமுறை. என் போன் எடுத்ததோ எச்.இ.வி.சி. திணறாமல் என்ன செய்யும்?

கோடம்பாக்கம் காட்டிய வழி

இதற்கான தீர்வு கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே சினிமாக்காரர்களுக்குத் தெரியும். பிலிம் காலத்தில் கேமராவில் ஓடிய மூல நெகடிவை எடிட்டர் மேஜைக்குக் கொண்டுவர மாட்டார்கள். கீறல் விழுந்தால் தொலைந்தது. அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து, அதைத்தான் எடிட்டர் வெட்டி ஒட்டிப் பார்ப்பார். எல்லாம் முடிவான பிறகு பிலிம் விளிம்பில் உள்ள எண்களைப் பார்த்து, நெகடிவை அதே இடங்களில் வெட்டுவார்கள். தியேட்டரில் நாம் பார்த்தது அந்த நெகடிவிலிருந்து எடுத்த பிரிண்டை.

1989ல் ஆவிட் நிறுவனம் கம்ப்யூட்டர் மூலம் எடிட் செய்யும் மீடியா கம்போசரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும் இதே உத்திதான். அன்றைய கம்ப்யூட்டருக்கு முழுத் தர வீடியோவைத் தாங்கும் சக்தி கிடையாது. எனவே தரம் குறைந்த மங்கலான பிரதியில் எடிட் செய்து, கடைசியில் மூலத்தில் அதை நிறைவேற்றினார்கள். இந்தியாவில் ஆவிட் மூலம் எடிட் செய்யப்பட்ட முதல் படமாகக் குறிப்பிடப்படுவது, 1994 பொங்கலுக்கு வெளிவந்த கமல்ஹாசனின் மகாநதி.

இன்று இதற்குப் பெயர் ப்ராக்ஸி. அதாவது பதிலாள். அடோப் பிரிமியர் ப்ரோவில் 2016லும், ஷாட்கட்டில் 2020லும் இந்த வசதி சேர்க்கப்பட்டது. கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் ஆகியவற்றிலும் உண்டு. 4கே வீடியோவுக்குப் பதில் 960க்கு 540 புள்ளிகள் கொண்ட சிறிய பிரதியில் வேலை செய்தால், ஒவ்வொரு பிரேமிலும் புள்ளிகள் 16ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எக்ஸ்போர்ட் செய்யும்போது சாப்ட்வேர் மூல வீடியோவைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே இறுதிப் படத்தின் தரம் துளியும் குறையாது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

மருந்து கொடுக்கும் முன் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். எடிட்டரில் வீடியோவை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீக்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

1. சிபியு 100 சதவீதத்தை ஒட்டி நின்றால், பிராசசரால் வீடியோவைப் பிரிக்க முடியவில்லை. இதற்கு மருந்து ப்ராக்ஸி.

2. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், வீடியோவைப் படிக்கும் வேகம் போதவில்லை. பென் டிரைவ், மெமரி கார்டு, பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆகியவற்றிலிருந்து நேரடியாக எடிட் செய்யாதீர்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எஸ்டிக்கு காப்பி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

3. மெமரி நிரம்பி வழிந்தால், பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களை மூடுங்கள். அப்போதும் போதவில்லை என்றால் ராம் கூட்டுவது பற்றி யோசிக்கலாம்.

4. மூன்றுமே குறைவாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் திணறினால், அந்த இடத்தில் சேர்த்துள்ள எபெக்ட் காரணமாக இருக்கலாம். அதைத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள்.

என் கம்ப்யூட்டரில் சிபியு 100ல் நின்றது. ராமில் 8ல் 5 ஜிபிதான் செலவாகியிருந்தது. அதற்கு முதல் நாள்தான் கடைக்காரர் ஒருவர், ஒரு கேள்வியும் கேட்காமல் "கிராபிக்ஸ் கார்டு போட்டாதான் சார் ஓடும்" என்று 22,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லியிருந்தார். அறுபதாம் கல்யாணச் செலவுக்குப் பிறகு அந்தப் பணத்துக்கு நான் எங்கே போவது?

ப்ராக்ஸி உருவாக்குவது எப்படி?

நான் ஷாட்கட்டில் செய்ததைத் தருகிறேன். பதிப்புக்கு ஏற்ப மெனுவின் இடம் சற்று மாறலாம்.

முதலில் பிரிவியூ ஸ்கேலிங் என்ற பிரிவைத் தேடுங்கள். செட்டிங்ஸ் அல்லது பிளேயர் மெனுவில் இருக்கும். அதில் 540பி என்பதைத் தேர்ந்தெடுங்கள். எடிட் செய்யும்போது தெரியும் படத்தின் அளவை மட்டுமே இது குறைக்கும். பல பேருக்கு இந்த ஒரு கிளிக்கிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து செட்டிங்ஸ் மெனுவில் ப்ராக்ஸி என்பதில் யூஸ் ப்ராக்ஸி என்பதை டிக் செய்யுங்கள். இனி உள்ளே கொண்டுவரும் பெரிய வீடியோக்களுக்குத் தானாகவே பதிலாள் தயாராகத் தொடங்கும். ஏற்கனவே உள்ளே இருக்கும் வீடியோ என்றால், அதைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸ் பேனலில் ப்ராக்ஸி பட்டனை கிளிக் செய்து மேக் ப்ராக்ஸி கொடுங்கள். ஜாப்ஸ் பேனலில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரியும்.

இதற்கு நேரம் பிடிக்கும். எனக்கு ஓர் இரவு முழுவதும் ஆனது. ஆனால் அந்த நேரத்தில் நான் தூங்கினேன், கம்ப்யூட்டர்தான் விழித்திருந்தது. காத்திருப்பு ஒழிந்துபோகவில்லை. ஒவ்வொரு கிளிக்குக்கும் சில்லறையாகக் காத்திருந்ததை, மொத்தமாக ஒரே இரவில் கட்டிவிட்டோம். காலையில் டைம்லைனை இழுத்துப் பார்த்தேன். மவுஸ் போன இடத்துக்கெல்லாம் படமும் கூடவே வந்தது!

கேடென்லைவில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் விண்டோவில் ப்ராக்ஸி டேப் இருக்கிறது. பிரிமியர் ப்ரோவில் கிளிப் மீது ரைட் கிளிக் செய்து ப்ராக்ஸி, கிரியேட் ப்ராக்ஸீஸ் என்று போக வேண்டும். ப்ராக்ஸி தயாரிக்கப் பொறுமை இல்லை என்றால், பிரிமியரில் படம் தெரியும் விண்டோவின் கீழே புல் என்று இருப்பதை 1/2 அல்லது 1/4 என்று மாற்றிப் பாருங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சில சாப்ட்வேர்களில் எக்ஸ்போர்ட் விண்டோவில் ப்ராக்ஸியையே பயன்படுத்து என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மங்கலான பிரதியே படமாக வந்துவிடும். முடித்தவுடன் ப்ராக்ஸி பைல்களை அழித்தால் டிஸ்க்கில் இடம் மிச்சம்.

இன்னும் சில குறிப்புகள்

* வீடியோக்களை உள்ளே கொண்டுவந்தவுடன் சாப்ட்வேர் சிறு படங்களையும் ஒலி அலைகளையும் வரையத் தொடங்கும். அது முடியும் வரை எல்லாமே மெதுவாக இருக்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால், டைம்லைன் மெனுவில் தம்ப்நெயில், வேவ்பார்ம் இரண்டையும் காட்டாமல் நிறுத்திவிடலாம்.

* முதலில் வெட்டும் வேலையை முடியுங்கள். நிறத் திருத்தம், எழுத்து, எபெக்ட் எல்லாம் கடைசியில். வீட்டுக்கு வெள்ளை அடித்த பிறகு சுவரை இடிப்பவர் உண்டா?

* லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டு எடிட் செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

* மொபைல் வீடியோக்களில் பிரேம் வேகம் இடத்துக்கு இடம் மாறும். இதனால் உதடும் பேச்சும் பொருந்தாமல் போகலாம். ஷாட்கட் இத்தகைய பைலைக் கண்டால், எடிட் செய்ய ஏற்றதாக மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள்.

* உறவினர்களிடமிருந்து வீடியோ வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். தரம் குறைந்து வரும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிள் மூலம் காப்பி செய்யுங்கள்.

* அடுத்த விசேஷத்துக்கு 1080பி தரத்திலேயே படம் எடுங்கள். வீட்டு டிவியில் பார்க்க அது தாராளம். புள்ளிகள் நான்கில் ஒரு பங்குதான்.

* பெரிய மாற்றம் செய்யும் முன் ப்ராஜெக்ட்டை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். கல்யாணம்1, கல்யாணம்2 என்று வைத்தால்கூடப் போதும். நான் இதைச் செய்திருந்தால் பெரியப்பா துண்டைத் தேடி ஓர் இரவு தவித்திருக்க மாட்டேன்.

அப்படியென்றால் கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. டாவின்சி ரிசால்வ் போன்ற சாப்ட்வேர்கள் கிராபிக்ஸ் கார்டை நம்பியே இயங்குகின்றன. தினமும் எடிட் செய்பவர், 4கேயில் நிறையத் திருத்தங்கள் செய்பவர், இதையே தொழிலாக வைத்திருப்பவர் ஆகியோருக்கு நல்ல கார்டு அவசியம். ஹார்ட் டிஸ்க் மட்டுமே உள்ள கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி போட்டால், எடிட்டிங் மட்டுமல்ல, எல்லா வேலையும் வேகம் பெறும். ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று விசேஷ வீடியோ எடிட் செய்பவர், டாஸ்க் மேனேஜரைத் திறந்துகூடப் பார்க்காமல் கடைக்குப் போகக் கூடாது. எந்தப் பாகம் மூச்சு வாங்குகிறது என்று தெரிந்துகொண்டு போனால், நம்மை யாரும் ஏமாற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போனேன். பதினெட்டு நிமிடப் படம். டிவியில் பென் டிரைவைச் சொருகி ஓடவிட்டோம். மாலை மாற்றும் காட்சியில் பாட்டி கை கூப்பினார். மாட்டுக் கொட்டகைக் கதை வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். பெரியப்பாவின் குரல் தழுதழுத்த இடத்தில் நான் ஒரு விநாடிகூட முன்பாக வெட்டவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைக்கும் வரை விட்டிருந்தேன். "இதை இன்னொரு தடவை போடு" என்றார் பாட்டி. போட்டேன்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் திணறிக்கொண்டிருக்கும் வீடியோ ஒன்று நிச்சயம் இருக்கும். இன்று இரவு ப்ராக்ஸி போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் எழுந்து டைம்லைனை இழுத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.